மூன்றாம் வரியில் ஒரு மூச்சு

கணவனை அடக்கம் செய்த அன்று, ஆராதனையின் நடுவில், சொந்த மகன் பாடிக்கொண்டிருந்த பாட்டைச் சுருதியம்மா நிறுத்தினாள். ஆர்கன் கட்டைகளிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆலயம் முழுக்கக் கேட்கும்படி, "சுருதி இறங்கிடுச்சு. முதல்ல இருந்து ஆரம்பி" என்றாள்.

மகன் ஆரம்பிக்கவில்லை. மைக்கைத் தகப்பனின் சவப்பெட்டி ஓரமாக வைத்துவிட்டு நடுப்பாதை வழியாக வெளியே போய்விட்டான். கல்லறைத் தோட்டத்துக்கு வந்தான். ஆனால் குழிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றான். மண் போடும்போதும் அவள் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு பதினான்கு மாதங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். மகனுக்கு இருபத்தொரு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலை. காலையில் அவன் டீ போட்டுக்கொண்டு போன பிறகு அவள் சமையலறைக்குள் வருவாள். சொல்ல வேண்டியதைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிமேல் வைப்பான். "கேஸ் தீர்ந்துவிட்டது." "வியாழன் தண்ணீர் வராது." எந்தத் தாளிலும் 'அம்மா' என்ற சொல் இருக்காது. வாய் திறந்து பேசியே ஆகவேண்டி வந்தால், "நீங்க" என்பான். பிறந்ததிலிருந்து "நீ" என்று கூப்பிட்டவன் மரியாதை கொடுக்க ஆரம்பித்ததைவிடப் பெரிய அவமரியாதை அவளுக்கு வேறு இல்லை.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவள் தொழில். இருபத்தாறு வருடமாக ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். பச்சைக்குழந்தை வீறிட்டாலும் அது எந்தக் கட்டையில் வீறிடுகிறது என்று சொல்லிவிடுவாள் என்று பாடகர் குழுவில் கேலி உண்டு. 'சுருதியம்மா' என்பது முகத்துக்கு நேரே சொல்லும் பெயர். முதுகுக்குப் பின்னால் 'போலீஸ்'. பாட்டை நிறுத்தியதற்கு அவள் ஒருநாளும் வருத்தப்படவில்லை. நல்ல மனுஷனை நல்லபடியாக வழியனுப்பவேண்டாமா? அழுதுகொண்டு அபஸ்வரமாகப் பாடினால் அது என்ன மரியாதை? அவளுக்கும் அன்று அழுகை முட்டத்தான் செய்தது. அடக்கிக்கொண்டு வாசித்தாளே!

மகன் ஆலயப் பாடகர் குழுவிலிருந்து விலகிக்கொண்டான். சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தின் பின்கட்டு அறையில் கூடும் வாலிபர் கூட்டத்தோடு முழுதாக ஒட்டிக்கொண்டான். அந்தக் கூட்டத்துக்கு அவள் வைத்த பெயர் 'தகர டப்பா'. ஒருமுறைகூட அவள் அந்த அறை வாசலை மிதித்ததில்லை. கணவர் உயிரோடு இருந்தவரை, தான் கற்றுக்கொடுத்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் மகனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, முடியும்வரை காத்திருந்து கூட்டி வருவார். "அவ்வளவு நேரம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால், "கார்லயே சாஞ்சு தூங்கிடுவேன்" என்பார். கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்களோடு நாளெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றும் மனுஷன். தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் இளம் போதகர் போன் செய்தார். சபைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த வீட்டுச் சண்டை அவர் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

"அம்மா, வாலிபர் முகாம் மூணு நாள் நடக்குது. கல்லூரி அரங்கத்துல ஒரு பழைய பியானோ சும்மா கிடக்கு. தொட்டா அழுவுது. கொஞ்சம் வந்து சரிபண்ணிக் குடுப்பீங்களா?"

யார் பாடப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும், அந்தப் பியானோ யாருக்கு என்ன பாவம் செய்தது? வருகிறேன் என்றாள்.

முகாமின் முதல் நாள் காலை ஏழு மணிக்கே அரங்கத்துக்குப் போய்விட்டாள். இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள், தரையெல்லாம் ஒயர், மேடையின் இடது ஓரத்தில் தூசி படிந்த பியானோ. மூடியைத் திறந்து, கம்பிகளுக்கு நடுவே கம்பளித் துண்டைச் செருகி, முறுக்காணியில் திருகுச்சாவியை மாட்டி ஒவ்வொரு கம்பியாக இழுத்து நிறுத்திக்கொண்டு வந்தாள். பாதி வேலை முடிந்திருக்கும். பெட்டிகளையும் ஒயர்களையும் தூக்கிக்கொண்டு பாட்டுக்குழு உள்ளே வந்தது.

"இவங்கள யாரு கூப்பிட்டது?"

குரலைக் கேட்டதும் யார் என்று தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

"நான்தான் தம்பி" என்றார் போதகர். "ஏன், தெரிஞ்சவங்களா?"

"தெரிஞ்சவங்கதான்" என்றான் மகன்.

அவன் தோளில் இருந்த கிடார் சுவரில் லேசாக இடித்து ஒலித்தது. "அதுல ரெண்டாவது கம்பி இறங்கியிருக்கு" என்றாள் அவள், கம்பிகளைப் பார்த்தபடியே. "இன்னிக்கு நேத்து இறங்கினதா இருக்காது. கேக்கிறதுக்கு யாருக்காவது காதுன்னு ஒண்ணு வேணுமே."

குழுவில் பியானோ வாசிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தும் கார்டுகளில் மொத்தம் நாலுதான் அவளுக்குத் தெரியும் என்பதால் எல்லோரும் அவளை 'நாலு கட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, ஆண்டவருக்குக் காது மட்டும் இல்ல, மனசும் இருக்கு" என்றாள்.

"அந்த மனசு இருக்கிறதாலதான் உங்களையெல்லாம் சகிச்சுக்கிறார். அதுக்காக அவர் தலையில மிளகாய் அரைக்காதீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வேலை முடிஞ்சதும் நீங்க கிளம்புங்க."

"கிளம்பாம? இந்த இரைச்சலக் கேட்டுக்கிட்டு உக்காரணும்னு எனக்கென்ன வேண்டுதலா?"

"எங்க போனாலும் இதேதானா?" அவன் மேடைமேல் ஏறி நேரே அவள் முன்னால் வந்து நின்றான். "அப்பா பெட்டி முன்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். உனக்கு சுருதி மட்டும்தான் கேட்டுச்சு. நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

நீ. பதினான்கு மாதத்துக்குப் பிறகு அந்த ஓரெழுத்துச் சொல். திட்டாகத்தான் வந்தது, ஆனாலும் அவளுக்கு ஒரு விநாடி வயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை வெளியே காட்டத் தெரியாதவள், வாய்க்கு வந்ததைச் சொன்னாள்:

"உங்கப்பாவுக்குக் கடைசியா ஒரு பாட்டாவது ஒழுங்கா குடுத்து அனுப்பலாம்னு பார்த்தேன். அதையும் நீ கெடுத்த."

அவன் கீழே இறங்கிப் போய் ஒலிபெருக்கிப் பெட்டியின் பின்னால் குனிந்துகொண்டான். போதகர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு கட்டை அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகம் வெளிறிவிட்டது.

வேலை ஒன்பது மணிக்கு முடிந்தது. ஆனால் ஒரு முறுக்காணி மட்டும் பிடி கொடுக்கவில்லை. ஆணி இறங்கியிருந்த மரம் வறண்டு ஓட்டை பெரிதாகியிருந்தது. நிறுத்தி வைத்தால் அரைமணி நேரத்தில் மெல்ல நழுவியது. போதகர் கையைப் பிசைந்தார். "முதல் கூட்டம் முடியிற வரைக்கும் மட்டும் இருங்கம்மா. நடுவுல நழுவினா ஒரு திருப்பு திருப்பிடுங்க. தயவுபண்ணி."

தன் கை பட்ட பியானோ கூட்டத்தில் அபஸ்வரம் பேசினால் அது தன் பெயருக்குத்தான் கேடு. பியானோவுக்குப் பின்னால், அரங்கத்தில் இருப்பவர்கள் கண்ணில் படாத இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் ஆரம்பித்தது. நூற்று எண்பது பேராவது இருப்பார்கள். பதினாறிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள். முதல் பாட்டிலேயே ஒலிபெருக்கி காது கிழிய ஊளையிட்டது. திரையில் இரண்டாம் பாட்டின் வரிகள் வந்தன. பாதிப் பேர் திரையைப் பார்த்துப் பாடினார்கள், பாதிப் பேர் பழக்கத்தில் பாடினார்கள். டிரம்ஸ் வாசித்தவன் பின்னால் நாய் துரத்துவதுபோல் ஓடினான். கை தட்டியவர்கள் ஆளுக்கொரு தாளத்தில் தட்டினார்கள். கிடாரில் அந்த இரண்டாவது கம்பி அப்படியேதான் இருந்தது.

பையிலிருந்த சீட்டு ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் எண் போட்டுக் குற்றப்பட்டியல் எழுத ஆரம்பித்தாள். கூட்டம் முடிந்ததும் போதகர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒன்று, ஊளை. இரண்டு, திரை. நாலாவது பாட்டு முடிவதற்குள் பதினொன்று ஆகிவிட்டது.

அப்போது மகன் மைக் முன்னால் வந்தான்.

"அடுத்த பாட்டு உங்க எல்லாருக்கும் தெரியும். நமக்குக் கத்துக்குடுத்தது ஹார்ன் அங்கிள்."

அரங்கமே சிரித்தது. பின்வரிசையில் ஒருவன் வாயாலேயே லாரி ஹார்ன் அடித்தான். அந்த அங்கிள் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. யாரோ தகர டப்பாவுக்கு ஏற்ற, தாரை ஊதுகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"போன வருஷ முகாமுக்கு அப்பா வர முடியல" என்றான் மகன். "இந்த வருஷமும் இல்ல. அதனால அவருக்கும் சேர்த்து நாமளே சத்தமா பாடணும்."

அவள் கையில் பென்சில் நின்றது.

பாட்டு தொடங்கியது. அடக்க ஆராதனையில் அவன் பாடிய அதே பாட்டு.

வழி மறந்த நாளிலும் என் வாசல் வந்தவரே,
வாடி நின்ற வேளையில் என் பேர் அழைத்தவரே,
தட்டும் ஓசை கேட்டும் நான் திறக்கத் தாமதித்தேன்...

பல்லவியின் மூன்றாம் வரியின் கடைசிச் சொல்லில் ராகம் மேலே ஏற வேண்டும். யாரும் ஏறவில்லை. நூற்று எண்பது குரல்களும் அந்த இடத்தில் ஒன்றாகச் சரிந்தன. 'தாம' என்று நிறுத்தி, சொல்லின் நட்டநடுவே ஒரு பெரிய மூச்சு இழுத்து, 'தித்தேன்' என்பதை எந்தக் கட்டையிலும் இல்லாத ஒரு தாழ்ந்த இடத்தில் வைத்து, இரண்டு மடங்கு நீளத்துக்குப் பிடித்தன. பியானோவில் இருந்த நாலு கட்டை அந்த இடம் வந்ததும் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டாள்.

"ஏன் கையை எடுத்த?" என்றாள் சுருதியம்மா, தன்னையறியாமல்.

"அங்கிள் போற இடம் இந்தப் பியானோவுல இல்ல ஆன்ட்டி" என்று அந்தப் பெண் குனிந்து கிசுகிசுத்தாள். "நானும் தேடிப் பார்த்துட்டேன்."

அந்த மூச்சை அவளுக்குத் தெரியும்.

கல்யாணமான முதல் வாரம். குளியலறையிலிருந்து கணவர் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். மூன்றாம் வரியில் மேலே ஏற முடியாமல், சொல்லை இரண்டாக ஒடித்து மூச்சு வாங்கி, கீழே விழுந்தார். வெளியே வந்தவரிடம் இவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "யாரோ கழுத்த நெரிக்கிற மாதிரி இருக்கு. ஆலயத்துல மட்டும் இப்படிப் பாடி என் மானத்த வாங்கிடாதீங்க." அவரும் சிரித்தார். அத்தோடு சரி. இருபத்திரண்டு வருடம் ஆலயத்தில் அவர் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார். பாட்டில் நாட்டமில்லாத மனுஷன் என்று அவள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

ஆக, காரில் தூங்கவில்லை. சனிக்கிழமைதோறும் அந்தப் பின்கட்டு அறையில் நின்று, ஹார்ன் என்று பெயர் வாங்கும் அளவுக்குத் தொண்டை திறந்து பாடியிருக்கிறார். பிள்ளைகள் அவரிடமிருந்தே பாட்டைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், தப்போடு சேர்த்து. அதுதான் பாட்டு என்று நினைத்திருக்கிறார்கள். அன்று பெட்டி முன்னால் நின்று மகன் அழுகையில் சுருதி இறங்கவில்லை. அப்பா பாடியதுபோல் பாடினான். அதைத்தான் அவள் நிறுத்தினாள்.

இரண்டாம் சரணம் முடிந்து பல்லவி திரும்ப வந்தது. அவள் வாயைத் திறந்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. சும்மா இருக்க முடியவில்லை. மூன்றாம் வரியில் அவள் குரல் பழக்கதோஷத்தில் சரியான இடத்துக்கு ஏறிப்போய்த் தனியாக நின்றது. கூட்டம் முழுக்கக் கீழே, அவள் மட்டும் மேலே. அதே வரியை இன்னொரு முறை பாடியபோது இறங்கப் பார்த்தாள், முடியவில்லை. காது இழுத்து மேலே ஏற்றியது. ஆயுசெல்லாம் மற்றவர்களின் தப்பைத் திருத்தியவளுக்கு ஒரே ஒரு தப்புப் பாடத் தெரியவில்லை.

மூன்றாம் சரணம் முடிந்து பல்லவி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். 'தாம' என்று நிறுத்தினாள். அவர் இழுத்த மூச்சை இழுத்தாள். நெஞ்சு நிறைந்து வலித்தது. பிறகு விழுந்தாள், அத்தனை பேரோடும் சேர்ந்து, அந்தப் பெயரில்லாத இடத்தில்.

இருபத்தாறு வருடம் ஆண்டவர் சந்நிதியில் உட்கார்ந்தவள்தான். ஆனால் அத்தனை வருடமும் அவள் அங்கே பாட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள், ஒருநாளும் கும்பிடவில்லை. இப்போது அந்தக் காவல் விலகியது. பக்கத்தில் ஒருவர் வந்து நிற்பதுபோல் இருந்தது. கணவர் என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை. கணவர் யாரைப் பார்த்துச் சனிக்கிழமைதோறும் தொண்டை கிழியப் பாடினாரோ, அவர். அந்த ஊளைச் சத்தத்திலும், ஓடுகிற தாளத்திலும், இறங்கிய கம்பியிலும் சற்றும் முகம் சுளிக்காமல் நிற்பவர். அவளிடமும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அடக்கத்தன்று வராத அழுகை, நடுக்கூட்டத்தில், பியானோவுக்குப் பின்னால், குலுங்கிக் குலுங்கி வந்தது.

கூட்டம் கலைந்து எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு மகன் ஒயர் எடுக்க மேடைக்கு வந்தான்.

"இன்னும் போகலையா?" என்றான். மடியில் இருந்த சீட்டைப் பார்த்துவிட்டான். வெடுக்கென்று எடுத்துப் படித்தான். "ஓ, பட்டியலா? பதினொண்ணோட நின்னுடுச்சே. பென்சில் தீர்ந்துபோச்சா?"

"நீ அன்னிக்கு அழுகையில இறங்கல" என்றாள் அவள். "அவர் மாதிரி பாடின."

அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். "இப்பதான் தெரிஞ்சுதா?"

"ஏன்டா சொல்லல?"

"சொல்ல விட்டீங்களா?"

மறுபடி 'நீங்க'. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்பச் சத்தமாவா பாடுவார்?"

"ஜன்னல் அதிரும்."

"என்கிட்ட தூங்கினேன்னுதான் சொன்னார்."

"உங்கம்மா காதுக்கு என் குரல் ஆகாது, பாவம், அவகிட்ட சொல்லாதேம்பார்." அவன் குரல் கொஞ்சம் உடைந்தது; உடனே கோபத்தால் அதை ஒட்டவைத்துக்கொண்டான். "பாவம்னாரு. உங்கள."

"என்ன மன்னிச்சிடு."

"யாரும் இல்லாத இடத்துல கேட்டா ஆச்சா?" என்றான். சுருட்டிய ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டாம் நாளும் அவள் வந்தாள். முறுக்காணியின் ஓட்டைக்குள் ஒரு துண்டு மெல்லிய அட்டையைச் செருகி இறுக்கியிருந்தாள். இனி அது நழுவாது, அவள் அங்கே இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்தாள். மகன் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தான்.

மூன்றாம் நாள் காலை, தங்கள் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல யாராவது மேடைக்கு வரலாம் என்று போதகர் அழைத்தபோது, இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு அவள் எழுந்து போனாள். மைக்கை வாங்கி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ஆர்கனுக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகியவள்.

"ஹார்ன் அங்கிளோட சம்சாரம் நான்" என்றாள். சலசலப்பு அடங்கியது. "அவரை வழியனுப்புற அன்னிக்கு என் மகன் பாடின பாட்ட, ஆலயம் முழுக்கக் கேக்குற மாதிரி நிறுத்தினேன். அது தப்பு. அவர் உயிரோட இருந்தப்பவே அவர் வாயையும் அடைச்சு வச்சேன். அதுவும் தப்பு. ஆண்டவர்கிட்ட கேட்டுட்டேன். உங்க எல்லாருக்கும் முன்னாடி என் மகன்கிட்டயும் கேக்குறேன்."

யாரோ கைதட்டப் போனார்கள், மற்றவர்கள் அடக்கினார்கள். மகன் டிரம்ஸ் பக்கத்தில் தரையைப் பார்த்து நின்றான். பிறகு பின்கதவு வழியாக வெளியே போனான். நாலு கட்டை அவன் பின்னால் ஓடினாள்.

முகாம் முடிந்து வாசலில் அவனைப் பார்த்தபோது, "எல்லார் முன்னாடியும் இப்படி ஒரு நாடகம் தேவையா?" என்று சீறினான்.

"நீதானே யாரும் இல்லாத இடத்துல கேட்டா ஆச்சான்னு கேட்ட?"

அவன் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். பதில் இல்லாத கோபம் இன்னும் பொல்லாதது. அந்த வாரம் முழுக்கக் காலண்டர் தாள்கூட வரவில்லை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. அவள் ஆலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டுதான் இருந்தாள், ஒத்திகையில் பாடகர் குழுவை வறுத்தெடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஆராதனையில் யார் எங்கே இறங்கினாலும் கையை எடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் பின்கட்டு அறைக்குப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். வராதே என்று மகன் சொல்லவில்லை; வா என்றும் சொல்லவில்லை. ஒருநாள், "பல்ப் போயிடுச்சு, மாத்தணும்" என்று வாயாலேயே சொன்னான். இன்னொரு நாள் இரண்டு பேருக்குமாக டீ போட்டு, அவளுடையதை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து கதவில் சாய்ந்து நின்றான். "ஒருதரம் அப்பா மைக்கே வேண்டாம்னு சொல்லிட்டுப் பாடினார் தெரியுமா, பக்கத்துத் தெருவுல இருந்து ஒரு ஆள் சண்டைக்கு வந்துட்டார்" என்று ஆரம்பித்தான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவன் தரையில் உட்கார்ந்துகொண்டான். சண்டைக்கு வந்த ஆள் கடைசியில் அடுத்த வாரம் தன் மகளைக் கூட்டத்துக்கு அனுப்பிவைத்தாராம். அந்த மகள்தான் நாலு கட்டையாம். மழை விட்டது. அடுப்பு பற்றவைக்கவில்லை, பசி தெரியவில்லை. அவன் சொல்லிக்கொண்டே போனான், அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.